அத்தா இருந்த தூரம்

போன மாதம் ஆம்பூரில் ஒரு கல்யாணம். நம் வகுப்புக்காரிகள் ஏழெட்டுப் பேர் ஒரே பந்தியில் உட்கார்ந்திருந்தோம். பெயர்கள் எழுதப் போவதில்லை. யார் யார் இருந்தோம் என்று உங்களுக்கே தெரியும். முழங்கால் வலி, சர்க்கரை, மருமகள் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்தவளுக்கு மட்டும் பிரியாணி இறங்கவில்லை. அவளுடைய சின்ன மகனுக்கு அடிஸ் அபாபாவில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. அவள் என் பக்கம் திரும்பி, உங்க அத்தாவும் அங்கதானே போனாரு, ரொம்பத் தூரமா என்று கேட்டாள்.

நமக்குப் பின்னால் நின்றிருந்த அந்தப் பையனே கைப்பேசியைப் பார்த்துச் சொன்னான். “நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், ஆன்ட்டி. மெட்ராஸ்ல ஏறினா ஆறு மணி நேரம். நம்ம நாகூருக்கு பஸ்ல போறதுக்கே இதைவிட ஜாஸ்தி ஆவும்.”

எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து வேறு எதிலும் மனம் போகவில்லை. நாம் ஆறாவது படித்த வருடம் நான் கொஞ்ச நாள் பள்ளிக்கு வராமல் இருந்தது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். திரும்பி வந்தபோது டீச்சர் ஒன்றும் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. இப்போது சொல்கிறேன்.

அத்தா டேனரியில் டிரம் மேஸ்திரி. அந்தப் பெரிய மர டிரம்கள் சுற்றுவதை நீங்களும் சுவரோரம் நின்று பார்த்திருப்பீர்கள். உள்ளே தோலும் தண்ணீரும் மருந்தும் புரண்டு மொத்தும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். வெளியே எடுக்கும்போது தோல் வெளிர் நீலமாக இருக்கும். அத்தாவின் நகக்கண்களிலும் அந்த நீலம் ஏறியிருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கிளம்புமுன் எலுமிச்சைத் தோலால் விரல்களைத் தேய்ப்பார். நீலம் போகாது. எலுமிச்சை வாசனை மட்டும் கொஞ்ச நேரம் இருக்கும். பிறகு சுண்ணாம்பும் பச்சைத்தோலும் கலந்த அந்தப் பழைய வாசனை வந்துவிடும். நம் ஊரில் எல்லா அத்தாக்களுக்கும் அப்பாக்களுக்கும் அந்த வாசனைதான். வெளியூருக்குப் போய் வந்த பிறகுதான் அது நாற்றம் என்று நமக்குச் சொன்னார்கள்.

அடிஸ் அபாபாவில் புதிதாக டேனரி ஒன்று போட்டிருந்தார்கள். டிரம் தெரிந்த ஆள் வேண்டும் என்று இங்கிருந்த முதலாளியிடம் கேட்டு, அவர் அத்தாவை அனுப்பினார். அத்தா கிளம்பியது மாங்காய்க் காலத்தில். காட்பாடியில் ரயிலேறி, அரக்கோணத்தில் மாறி, பம்பாய் போய்ச் சேர்ந்தார். டிக்கெட்டும் காகிதமும் சரியாகும் வரை அங்கே ஒரு முசாபர்கானாவில் தங்கியிருந்தார். எத்தனை நாள் என்று நினைவில்லை. மழை பிடித்த பிறகுதான் விமானம் ஏறினார் என்று கடிதம் வந்தது. அந்தக் கடிதமும் எந்தெந்த ஊரையோ சுற்றிக்கொண்டு வந்து, எங்கள் கைக்குக் கிடைக்கும்போது ரம்ஜான் பிறந்துவிட்டது. ஆகவே அந்த ஊர் எங்கள் வீட்டுக்கு எவ்வளவு தூரம் என்றால், மாங்காய்க்கும் ரம்ஜானுக்கும் இடையில் இருக்கும் தூரம். அம்மா அப்படித்தான் சொல்வார். நானும் அப்படியே நம்பினேன்.

என்னிடம் ஒரு பென்சில் சீவும் உருண்டை இருந்தது. எலுமிச்சம்பழம் அளவு, நீலக் கடலும் மஞ்சள் தேசங்களும் அச்சடித்த தகர உருண்டை. அத்தா மெட்ராஸிலிருந்து வாங்கி வந்தது. அதில் நம் தேசத்துக்கும் அத்தா இருந்த தேசத்துக்கும் நடுவே என் சுண்டுவிரல் நகம் அடங்கும். அதைப் பெரியத்தாவிடம் காட்டினேன். அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது விளையாட்டுச் சாமானும்மா என்று கொடுத்துவிட்டார். அது எந்த வெள்ளையடிப்பின்போது தொலைந்ததோ தெரியவில்லை.

பெரியத்தா அத்தாவின் அண்ணன். தெருவில் எல்லோருக்கும் ஹாஜியார். கப்பலில் ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர். எங்கள் தெருவில் பம்பாயைத் தாண்டியவர் அதுவரை அவர் ஒருவர்தான். அதனால் தூரம் பற்றி யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் போவார்கள். மகளை எந்த ஊரில் கொடுப்பது என்பதற்குக்கூட அவரைக் கேட்டவர்கள் உண்டு. பெருநாள் சாப்பாடு முடிந்ததும் பெரியவர்கள் அவரைக் கப்பல் கதை சொல்லச் சொல்வார்கள். அலை, வாந்தி, நல்ல தண்ணீருக்கு வரிசை எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் ஆலங்காயத்துக்காரரிடம் வருவார்.

ஆலங்காயத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் கப்பலில் காய்ச்சல் கண்டு மௌத்தாகிவிட்டார். கரை இன்னும் தூரம். குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, தொழ வைத்து, காலில் இரும்பு கட்டி, பலகையில் வைத்துச் சரித்தார்கள். “சத்தமே வரல,” என்பார் பெரியத்தா. “அவ்ளோ பெரிய கடலு. ஒரு சத்தம் வரல.” அதற்குப் பிறகு அவர் பேச மாட்டார். யாராவது எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்கள். நான் சின்னவள். அது கதையின் முடிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அது முடியவே இல்லை என்று இப்போது தெரிகிறது.

செய்தி இங்கே டேனரி ஆபீசுக்குத் தொலைபேசியில் வந்தது. டிரம்மின் பெல்ட் அறுந்து அத்தாவின் காலை இழுத்துவிட்டது. தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். குமாஸ்தா வந்து சொன்னபோது அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

முதலில் சரியாகிவிடும் என்றார்கள். பிறகு புண்ணில் சீழ் பிடித்திருக்கிறது என்றார்கள். கொஞ்ச நாள் கழித்து, நேரில் வந்து பேசும்படி முதலாளி ஆளனுப்பினார். பெரியத்தா போனார். அம்மாவும் புர்க்கா போட்டுக்கொண்டு என்னைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பினார். அம்மா டேனரி வாசலை மிதித்தது அன்றுதான். நீலத்தோல் வரிசை வரிசையாகத் தொங்கிய கொட்டகைக்கு நடுவே நடந்து போனோம். அம்மா அந்தத் தோல்களை ஒருமுறைகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை.

ஆபீஸ் அறையை ஒட்டி ஒரு சின்ன அறை. நடுவில் திரை. நானும் அம்மாவும் திரைக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் முதலாளி, அவர் மகன், பெரியத்தா. அம்மா பெரியத்தாவிடம் நேராகப் பேசுவதில்லை. அந்தக் காலத்தில் நம் வீடுகளில் அப்படித்தான். புருஷனின் அண்ணனிடம் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் பிள்ளையிடம் சொல்லி அனுப்புவார்கள், அவர் பக்கத்திலேயே நின்றிருந்தாலும்.

முதலாளி விஷயத்தைச் சொன்னார். அங்குள்ள ஆஸ்பத்திரியில் மருந்து சரியாகக் கிடைக்கவில்லை. விமானத்தில் ஏற்றி அனுப்பவும் தயாராக இருக்கிறார்கள், அங்கேயே வைத்துப் பார்க்கவும் தயாராக இருக்கிறார்கள். வீட்டார் எப்படிச் சொல்கிறார்களோ அப்படி. இன்றே பதில் சொல்ல வேண்டும்.

பெரியத்தா பயணத்தை அடுக்கிக்கொண்டு போனார். அந்த ஊரிலிருந்து விமானம், நடுவில் எங்கெங்கே இறங்குமோ, பம்பாயில் எத்தனை நாள் படுத்துக் கிடக்க வேண்டுமோ, அங்கிருந்து ரயில். தம்பி உடம்பில் தெம்போடு போனவன், அவனுக்கே அவ்வளவு நாள் பிடித்தது என்றார்.

அப்போது முதலாளியின் மகன் பேசினான். மெட்ராஸில் படித்துவிட்டு வந்தவன், இருபத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது. “பம்பாய்க்கு அஞ்சாறு மணி நேரம்தான் ஹாஜியார். பம்பாயிலேர்ந்து மெட்ராஸுக்கும் ப்ளேன் இருக்கு.”

“நீ போய்ப் பார்த்தியா தம்பி?” என்று கேட்டார் பெரியத்தா. கோபமாகக் கேட்கவில்லை.

அவன் போகவில்லை என்றான். அவனும் இப்போது நம்மைப் போலக் கிழவனாகி எங்கோ இருப்பான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊரே கேட்கும் ஒரு பெரிய மனிதரிடம் அவன் எதைக் காட்டி வாதாடுவான்?

அம்மா குனிந்து என் காதில் சொன்னார். அவருடைய மூச்சு சூடாக இருந்தது. நான் திரையை விலக்காமல் உரக்கச் சொன்னேன்.

“பெரியத்தா, அத்தாவைக் கொண்டாந்துடச் சொல்றாங்க அம்மா. வேலூர் ஆஸ்பத்திரில காட்டலாமாம். கல்கத்தாவுலேர்ந்தெல்லாம் சீக்காளிங்கள கூட்டினு வர்றாங்களாம்.”

அது உண்மை. காட்பாடி ஸ்டேஷனில் நானே பார்த்திருக்கிறேன். வடக்கேயிருந்து வரும் ரயில்களில் இருந்து, போர்வையோடு ஆட்களைத் தூக்கி இறக்குவார்கள். பாட்டிலைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஒருத்தர் கூடவே ஓடுவார்.

பெரியத்தா திரையைப் பார்த்து எனக்குப் பதில் சொன்னார். “அது ரயிலும்மா. தரை மேல போவுது. வழியில ஒண்ணு ஆனாலும் எறக்கி மண்ணுல வைக்கலாம். இது கடல் மேல வர்றது.” அவர் குரல் உடைந்தது. “எந்தம்பிக்கு அப்படி ஆவக் கூடாது. அவன் அங்கயே இருந்து தேறட்டும். தேறினப்புறம் வரட்டும்.”

அம்மா மறுபடியும் என் காதருகே குனிந்தார். ஆனால் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு நிமிர்ந்துகொண்டார்.

உங்கள் இஷ்டம் ஹாஜியார் என்றார் முதலாளி. தொலைபேசியில் பதில் போயிற்று.

பெரியத்தா அன்று முதல் பள்ளிவாசலை விட்டு வரவே இல்லை. தொழுவார், ஓதுவார், பாலும் பழமும் வாங்கி, வருவோர் போவோருக்கெல்லாம் கொடுப்பார். பெரியம்மா சொல்லித்தான் தெரியும், சோறு கம்மியாகத்தான் தின்றார். அத்தாவின் பெயரைச் சொல்லி ஒரு ஆட்டை அறுத்துக் கறியைத் தெரு முழுக்கப் பங்கிட்டார். அவரும் அழுதார் என்பதை நான் இங்கே எழுதியே ஆக வேண்டும். அம்மாவின் பக்கம் நின்று இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் அவர் அழுதது விட்டுப்போய்விடும்.

நடுவில் ஒருமுறை தேறுகிறார் என்று செய்தி வந்தது. அன்று அம்மா எனக்குத் தலை சீவி இரண்டு ஜடை போட்டுப் பள்ளிக்கு அனுப்பினார். அந்த வாரம் எல்லா நாளும் வந்தேன். நாமெல்லாம் கிணற்றடியில் கோடு கிழித்துப் பாண்டி ஆடியது அந்த வாரம்தான்.

பிறகு அத்தா மௌத்தாகிவிட்டார். செய்தி எங்களுக்கு வருவதற்கு முன்பே அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். வீட்டில் யாசீன் ஓதினார்கள். ஆனால் நடுவில் ஒன்றும் இல்லை. குளிப்பாட்ட உடல் இல்லை, தூக்கிப் போகச் சந்தூக் இல்லை. ஆண்கள் வாசலில் கூடினார்கள். எங்கே போவது என்று தெரியாமல் நின்றுவிட்டுக் கலைந்து போனார்கள். அம்மா வெள்ளை உடுத்தி உள் அறையில் நாலு மாதம் பத்து நாள் இத்தா உட்கார்ந்தார்.

அந்த இத்தா முடிவதற்குள்தான் வாலாஜாபேட்டைக்காரர் ஒருவர் வந்தார். அத்தாவோடு அதே டேனரியில் ஃபிட்டராக இருந்தவர். அத்தாவின் சாமான்களைக் கொண்டு வந்திருந்தார். இரண்டு சட்டை, ஒரு லுங்கி, தொப்பி, கைக்கடிகாரம், ஒரு துணிப்பை நிறையப் பச்சைக் காப்பிக்கொட்டை. அடிபடுவதற்கு முன்னாலேயே அம்மாவுக்கென்று வாங்கி வைத்தாராம். வறுக்காத கொட்டையை எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. புல்லும் மழையும் கலந்த மாதிரி ஒரு வாசனை. அம்மா அதை ஒரு டப்பாவில் போட்டு வைத்தார். வறுக்கவே இல்லை. வண்டு வைத்துத் தூளாகும் வரை அந்த டப்பா பரண் மேல் இருந்தது.

பெரியத்தா வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தார். டீ கொடுத்தோம். அத்தாவின் கடைசி நாட்களைப் பற்றி அவர் சொன்னார். ஜனாஸாவுக்கு ஊர் ஜனம் நிறைய வந்தது என்றும், நல்ல இடத்தில் வைத்திருக்கிறோம் என்றும் சொன்னார். பெரியத்தா தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு மரியாதைக்காக, பயணமெல்லாம் ரொம்பக் கஷ்டமா இருந்திருக்குமே என்றார்.

“இன்னா கஷ்டம் ஹாஜியார்,” என்றார் அவர். “முந்தாநேத்து பகல் சோறு அங்க துன்னேன். ராத்திரி சோறு பம்பாய்ல. ரயில்லதான் ஒரு நாள் பேஜாராப் போச்சு.”

பெரியத்தா டீ கிளாஸைக் கீழே வைத்தார். “முந்தாநேத்தா?”

“ஆமா.”

“நடுவுல எங்க எறங்கினீங்க?”

“எங்கயும் எறங்கல. நேரா பம்பாய்தான்.”

“சீக்காளிங்கள ஏத்துவாங்களா?”

“டாக்டர் சீட்டு இருந்தா ஏத்துவாங்களே. படுக்க வெச்சே கொண்டாருவாங்க,” என்றார் அவர். எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. டீ நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

உள் அறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு புடவைத் திரைதான். அம்மா அதற்குப் பின்னால் இருந்தார். தஸ்பீஹ் மணி உருளும் சத்தம் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேட்கவில்லை.

பெரியத்தா எழுந்து வெளியே போனார். செருப்பு போடவில்லை. வெயில் நேரம். பெரியம்மா செருப்பை என் கையில் கொடுத்து ஓடச் சொன்னார். அவரை டேனரி மதில் ஓரத்தில் பிடித்தேன். சாக்கடையில் நுரையோடு சாயத்தண்ணீர் பாலாற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார். செருப்பைப் பக்கத்தில் வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

“நீ அன்னிக்கே சொன்னே இல்ல?”

“அம்மா சொல்லச் சொன்னாங்க,” என்றேன்.

அவர் தலையை மேலும் கீழும் ஆட்டினார். சரியான பதிலைக் கேட்ட டீச்சர் மாதிரி இருந்தது. அப்புறம் முகத்தை முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டார். எனக்குப் பயமாக இருந்தது. திரும்பி வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

அடுத்த பெருநாளுக்கு யாரோ கப்பல் கதை கேட்டார்கள். மறந்துவிட்டது என்றார். தூரம் கேட்டு வருபவர்களிடம், தெரிந்தவர்களைக் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். எங்கள் வீட்டுச் செலவு, என் படிப்பு எல்லாம் அவர்தான். ஆனால் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரமாட்டார். காய்கறிப் பையை வாசலில் வைத்துவிட்டு இருமுவார். அம்மா எடுத்துக்கொள்வார். என்னை நடுவில் வைத்துப் பேசிய பேச்சுகூட அதோடு நின்றுபோனது. அம்மாவுக்குக் கோபமா என்று நான் கேட்டதில்லை. பெரியத்தாவை அவர் ஒருநாளும் ஏசியதில்லை. எதுவும் சொல்லாமலே இருந்தார். பெரியத்தாவுக்கு அதுதான் பெரிய தண்டனை என்று இப்போது தோன்றுகிறது. அம்மா தண்டனையாக நினைத்துத்தான் செய்தாரா என்பது மட்டும் தெரியவில்லை.

நாம் பத்தாவது முடித்த வருடம் பெரியத்தாவுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. மூச்சு விட முடியவில்லை. அவருடைய மகன்கள் வேலூருக்குக் கொண்டுபோக வண்டி பிடித்து வாசலில் நிறுத்தினார்கள். அவர் கட்டிலை விட்டு எழ மறுத்தார். ஒரு மணி நேரம்தான் அத்தா என்று கெஞ்சினார்கள். எனக்கு வேண்டாம், நான் இங்கேயே இருக்கிறேன் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பெரியம்மா எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். என்ன சொல்வதென்று தெரியாமல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அம்மா புர்க்கா போட்டுக்கொண்டார். நானும் பின்னால் போனேன். அந்த வீட்டில் அம்மா திரைக்குப் பின்னால் நிற்கவில்லை. நேராகக் கட்டிலுக்கு முன்னால் போய் நின்றார். மகன்கள் விலகிக்கொண்டார்கள்.

“வண்டில ஏறுங்க ஹாஜியார்,” என்றார் அம்மா. “வேலூரு கிட்டதான்.”

நான் பிறந்ததிலிருந்து அம்மா அவரிடம் நேராகப் பேசிக் கேட்டது அதுதான் முதல் தடவை. பெரியத்தா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை ஊன்றி எழுந்தார்.

வண்டியில் அம்மாவும் ஏறிக்கொண்டார், என்னையும் ஏற்றிக்கொண்டார். பெரியத்தா பிழைத்து வந்தார், அதற்குப் பிறகும் ஆறேழு வருடம் இருந்தார், என் கல்யாணத்தையும் அவர்தான் நடத்தினார். அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்த வண்டிக்குள் நடந்தது தெரியாது. பள்ளிகொண்டா தாண்டிய பிறகும் அவர் மூச்சுச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. வெளியே பாலாறு வெறும் மணலாகக் கூடவே வந்துகொண்டிருந்தது. அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றது. மகன்கள் ஸ்ட்ரெச்சர் கேட்டு உள்ளே ஓடினார்கள். பெரியத்தா கதவைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

“அவனைக் கூட்டினு வந்திருக்கலாம்.”

அம்மா ஜன்னலிலிருந்து திரும்பினார்.

“ஆமா,” என்றார். பிறகு, “பார்த்து எறங்குங்க. படி இருக்குது” என்றார்.

பெரியத்தா ஒரு காலை வெளியே வைத்தார். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் கையைக் காற்றில் நீட்டினார். அம்மா என்னை முன்னால் தள்ளினார். பெரியத்தாவின் கை என் தோளில் விழுந்தது. நல்ல கனம்.